பனி பெய்யாத ஆட்டம்

வெண்ணெயில் பொரிந்த மக்காச்சோளத்தின் வாசனை மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் இரண்டு உள்ளங்கைகளும் எரிகின்றன. சவூதியில், அல் கோபாருக்கு வெளியே, கடலை ஒட்டிய ஒரு எண்ணெய் ஆலைக் கட்டுமானத்தில் நான் சாரம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வியாழக்கிழமை வரைக்கும் வெயிலில் காய்ந்த இரும்புப் பைப்பைத் தூக்கித் தூக்கித் தோலுரிந்த கையோடு, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அமெரிக்கர்களின் பொழுதுபோக்கு ஹாலுக்குள் நுழைந்தால், முதலில் ஏசிக் குளிர் முகத்தில் அடிக்கும், அடுத்து அந்தச் சோளப்பொரி வாசனை வரும், அதற்கும் அப்பால் டிவிக்கு முன்னால் எனக்கென்று ஒரு மடக்கு நாற்காலி விரித்துப் போட்டிருக்கும். அந்த நாற்காலியை என்னிடமிருந்து பிடுங்கியவனைப் பற்றியும், அதை நான் திரும்ப வாங்கிய விதத்தைப் பற்றியும் எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு வயது பதினேழு, பாஸ்போர்ட்டில் இருபத்திரண்டு. கீழக்கரையில் ஏழாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தேறாதவன் நான். இன்றைக்கு அதே கிழக்குக் கரைச் சாலைகளில் என் பெயர் எழுதிய லாரிகள் பைப் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன, இன்ஜினியருக்குப் படித்தவர்கள் என் அறை வாசலில் நின்று லீவு கேட்கிறார்கள். தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பெருமைப்பட ஏதோ இருப்பவன்தானே பெருமைப்பட முடியும்?

மிஸ்டர் டேல் என்ற அமெரிக்கர் அந்த சைட்டின் சார இன்ஸ்பெக்டர். தொப்பியைக் கழற்றாத, ஆறடிக்கு மேல் உயரமான, அறுபதை நெருங்கிய மனிதர். நாங்கள் கட்டிய சாரத்தை ஒரு கையால் உலுக்கிப் பார்ப்பார். ஏறலாம் என்றால் பச்சை அட்டையில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஏணி ஓரம் தொங்கவிடுவார், ஏறக்கூடாது என்றால் சிவப்பு அட்டை. அவர் ஒருநாள் எங்கள் சார்ஜ்மேன் சேகு காக்காவிடம் (எங்கள் ஊர்ப் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) ஹாலில் டிவியை உயரத்தில் வைக்க நாலு பைப்பில் ஒரு மேடை கட்டித் தரச் சொல்ல, காக்கா என்னை அனுப்பினார். நான் பைப்புகளைப் பிணைக்கிற கிளாம்பை முடுக்கிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் தரையில் இருந்த டிவியில் கேசட் போட்டுவிட்டார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலில் அமெரிக்கக் கால்பந்து என்ற அந்த விசித்திரத்தைப் பார்த்தேன். கால்பந்து என்று பெயர், ஆனால் காலால் உதைப்பது எப்போதாவதுதான். உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்து, அதைப் பின்னால் நின்று வீச ஒருவன், அவனை எதிராளி வந்து சாய்த்துவிடாமல் முன்னால் மறித்து நிற்கத் தூண் தூணாக ஐந்து பேர். மற்றவர்கள் பந்தைப் பார்த்தார்கள், நான் அந்த ஐந்து பேரைப் பார்த்தேன். சாரம் கட்டுகிறவனின் கண் வேறு எங்கே போகும்? எது சுமை தாங்குகிறதோ அங்கேதான் போகும்.

இடது ஓரத்தில் நின்றவன் எழுபத்துமூன்றாம் நம்பர். அவன் தன் பாரத்தை எல்லாம் வலது காலிலேயே போட்டு நின்றான். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த நாற்பது ஆங்கில வார்த்தைகளில் ஏழெட்டை எடுத்து, "சார், செவன்டி த்ரீ, லெப்ட் லெக் நோ குட்" என்றேன். எட்டு அமெரிக்கர்களும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த கால் மணி நேரத்தில் எழுபத்துமூன்று மைதானத்தில் உட்கார்ந்து இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டான். டேல் எழுந்து போய் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டு, "சிட்" என்றார். அந்த ஹாலில் ஒரு லேபர் கேம்ப் ஆள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று சேகு காக்கா பிறகு சொன்னார்.

அவர்களுடைய ஆட்டப் பைத்தியம் நம் ஊர் கிரிக்கெட் பைத்தியத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. டேலின் சொந்த ஊர் டீம் நீலச் சட்டை டீம். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் ஆடுகிறவன் யார், அவனுக்கு அடிபட்டால் வருகிறவன் யார், அவனுக்குப் பின்னால் யார் என்று மூன்று மூன்று பெயராக அச்சடித்திருக்கும். "டெப்த் இல்லை, டெப்த் இல்லை" என்று மணிக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வார்த்தையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யார்டில் உபரி கிளாம்ப் எத்தனை கிடக்கிறது என்பதுதான் டெப்த். கட்டி நிற்கிற சாரம் எவ்வளவு அழகாக இருந்தால் என்ன, ஒரு கிளாம்ப் வெடித்தால் மாற்று இல்லாதவன் வேலையை முடிக்க மாட்டான். பந்து வீசுகிறவருக்கு முப்பத்தேழு வயது, டேலின் தெருக்காரர், இதுதான் கடைசி சீசன். அவருக்கு மாற்று, காலேஜிலிருந்து நேற்று வந்த பையன். இடது ஓரம் எழுபத்துமூன்று போனபின் அங்கே நிற்க வந்தவனுக்குக் காலே நகரவில்லை. டிசம்பர் தாண்டாது இந்த டீம் என்று நான் சொன்னேன். டேல் மறுத்தார், மறுத்துவிட்டு என் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி கேட்டார்.

அந்த ஹாலுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆட்டங்களை அமெரிக்காவில் டேலின் மனைவி டிவியிலிருந்து பதிவு செய்து கேசட்டாக அனுப்புவார், வந்து சேர மூன்று வாரமாகும். ஆட்டத்துக்கு நடுவில் நடனமாடுகிற பெண்கள் வருவதால் கஸ்டம்ஸில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள், அதில் இன்னும் தள்ளும். அதுவரை முடிவு யாருக்கும் தெரியக் கூடாது. சைட் ஆபீசுக்கு வருகிற ஆங்கிலப் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை டேல் பார்க்காமலே உருவி, மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, ஆபீஸ் டிராயரில் அடுக்கி வைப்பார், பழையது அடியில், புதியது மேலே. கேசட் பார்த்த பிறகுதான் அந்தந்தப் பக்கத்தைப் பிரிப்பார்கள். முன்கூட்டியே முடிவைச் சொன்னவன் சீசன் முழுக்க வெளியே. அந்த டிராயரின் சாவியை, நம்பிக்கையான ஆள் என்று, எங்கள் வேலை நேரத்தைக் கணக்கெழுதும் டைம்கீப்பரிடம் கொடுத்திருந்தார்கள்.

அந்த டைம்கீப்பர்தான் சௌந்தர். திருச்சிக்காரன், டிப்ளமா படித்தவன், என்னைவிடப் பத்து வயது மூத்தவன். அன்றைக்கு "சௌந்தர் சார்" என்று கூப்பிட்டேன். இன்றைக்கு அவன் என்றுதான் எழுதுவேன், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு நாற்காலி போட்ட நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. அதுவரை அந்த ஹாலில் உட்காருகிற ஒரே தமிழன் அவன்தான். "ஏன்டா காசிம், பைப்பு மேல ஏறினா பெரிய ஆளாடா நீ? கீழ எறங்கித்தான் ஆவணும், ஞாபகம் வச்சுக்க" என்பான், டைம்ஷீட்டில் என் பெயருக்கு நேரே பேனாவால் தட்டிக்கொண்டே.

ஒரு வெள்ளிக்கிழமை கேசட் போடுவதற்கு முன், இடது ஓரம் உடையும், வீசுகிறவர் ஐந்து தடவையாவது விழுவார், தோற்பார்கள் என்றேன். சௌந்தர் எழுந்து நின்று, மூன்று பாயின்டில் ஜெயிப்பார்கள், கடைசி நிமிடத்தில் ஒரு உதையில் ஜெயிப்பார்கள் என்றான். ஆட்டத்தில் வீசுகிறவர் ஆறு தடவை விழுந்தார். என் கணக்கு பொய்க்கவில்லை, அதை இப்போதும் சொல்வேன். ஆனால் கடைசி நிமிடத்தில் ஒருவன் வந்து பந்தை உதைத்தான், மூன்று பாயின்டில் ஜெயித்தார்கள். ஹாலே எழுந்து கத்தியது. அன்றிலிருந்து அவனுக்கு "புரொபஸர்" என்று பெயர்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவன் சுவரில் இருந்த அந்தத் தாளைக் கிழித்து வந்து என் கையில் கொடுத்தான். "டீமைப் பத்திப் பேசறவன் டீமைப் படிக்கணும்ல? எங்க, சத்தமா படி" என்றான். அமெரிக்கர்களிடம் ஆங்கிலத்தில் இவன் இப்போது வாசிக்கப் போகிறான் என்றும் சொல்லி வைத்தான். எனக்கு நம்பர்கள் தெரியும். பதினைந்து எழுத்து நீளமுள்ள அந்த வெள்ளைக்காரப் பெயர்கள் தெரியாது. "செவன்டி த்ரீ... சிக்ஸ்டி ஃபோர்... ட்வெல்வ்..." என்று நம்பர்களை மட்டும் வாசித்துக்கொண்டே போனேன். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். கெட்ட எண்ணத்தில் சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், டேல் சிரிக்கவுமில்லை. ஆனால் அவர் தொப்பியைக் கண்வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டார். "ஏழாங்கிளாஸ் பெயிலுக்கு எதுக்கு முன்வரிசை?" என்று சொல்லிச் சௌந்தர் என் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் நாற்காலியை டேல் பக்கத்தில் நகர்த்திப் போட்டான். யாரும் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, சத்தம் கேட்காமல், படம் மட்டும் பார்த்தேன்.

"விட்டுத் தொலைடா காசிமு. நமக்கு பைப்பு, பலகை. அவங்களுக்குப் பந்து" என்றார் சேகு காக்கா. நான் விடவில்லை. படுத்தால் அந்தத் தாளும் நம்பர்களும்தான் கண்ணில் நின்றன. பைப்பில் அடிக்கிற ஒவ்வொரு அடியையும் அவன் பெயரைச் சொல்லி அடித்தேன். அந்த மாதம் எங்கள் கேங் கட்டிய சாரம்தான் சைட்டிலேயே அதிகம்.

பிறகு கேசட் வருவதே நின்றுபோனது. ஐந்து வாரம் எதுவும் வரவில்லை, எல்லாம் கஸ்டம்ஸில் கிடக்கிறது என்றார்கள். டிராயரில் பின் அடித்த பேப்பர்கள் மட்டும் உயர்ந்துகொண்டே போயின. டிசம்பர் மாதம் பாதிக்கு மேல் போன ஒரு புதன்கிழமை, எங்கள் கேங்கின் டைம்ஷீட்டைக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சௌந்தர் டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுக்கின் மேலேயிருந்து ஒரு கட்டை எடுத்து, நகத்தால் பின்னை நெம்பிக்கொண்டிருந்தான். மெதுவாக, காகிதம் கிழியாமல், முள் எடுக்கிற மாதிரி. படித்தான். மறுபடி அதே ஓட்டையில் பின்னைச் செருகி அழுத்தினான். புரொபஸர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் உள்ளே போனதும் டிராயரைச் சாத்தினான். மேசைமேல் அன்றைக்கு வந்த பார்சல். கஸ்டம்ஸ்காரர்கள் பிரித்து ஒட்டியது பாதி திறந்திருக்க, கேசட்டின் முதுகில் டேல் மனைவியின் கையெழுத்தில் எதிர் டீமின் பெயரும் தேதியும் தெரிந்தன. முதலில் பதினொன்று, ஒரு கோடு, அப்புறம் பன்னிரண்டு. அந்த எதிர் டீமோடு ஒவ்வொரு சீசனிலும் இரண்டு தடவை ஆடுவார்கள், அதனால் பெயரைப் பார்த்து எந்த ஆட்டம் என்று சொல்ல முடியாது. தேதியை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கம்பெனி லெபனான்காரர்களுடையது, ஆபீசில் எல்லாமே நம் ஊர் மாதிரி தேதியை முதலில் எழுதி மாதத்தைப் பின்னால் எழுதுகிற வழக்கம். சௌந்தர் அதைப் பதினொன்றாம் தேதி டிசம்பர் என்று படித்து, அந்த வாரத்துப் பேப்பரைத் தேடி எடுத்திருக்கிறான். ஆனால் அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். டேலின் பச்சை அட்டையை முதல் மாதமே தப்பாகப் படித்து, காலாவதியான சாரத்தில் ஏறி நின்று, சேகு காக்காவிடம் கன்னத்தில் வாங்கியவன் நான். அந்தக் கேசட் நவம்பர் பன்னிரண்டு. ஒரு மாதத்துக்கு முந்தைய பழைய ஆட்டம். அவன் படித்தது, அதே டீமோடு ஆடிய, இன்னும் கேசட்டே வராத அடுத்த ஆட்டத்தின் முடிவு.

டைம்ஷீட்டை வைத்துவிட்டு, "சலாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவு மரியாதையாக அவனுக்கு நான் சலாம் சொன்னதே கிடையாது.

ரூமில் காக்காவிடம் சொன்னேன். "நேரா டேல்ட்ட போயி சொல்லிடு, முடிஞ்சு போச்சு" என்றார். நேராகச் சொன்னால் இல்லை என்று சாதிப்பான், என்னை நம்புவார்களா, டிப்ளமாவை நம்புவார்களா? "அவன் வாயாலயே சொல்ல வைக்கணும் காக்கா. அத்தனை பேரு முன்னாடி."  "அந்த டேலு மனுசன் பாவம்டா. அடுத்த ஆட்டத்து முடிவு அவனுக்கும் காதுல விழுமே" என்றார் காக்கா. கேட்டேன். கேட்டும் கேட்காத மாதிரி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் டேல் முன்னால் நின்றேன். இன்னொரு பந்தயம், தோற்றால் கதவுக்கு வெளியேகூட நிற்க மாட்டேன், ஜெயித்தால் என் நாற்காலி வேண்டும் என்று கையாலும் வாயாலும் சொன்னேன். டேல் தலையாட்டினார். நான் சௌந்தர் பக்கம் திரும்பி, வாத்தியார் முன் நிற்கிற பையன் மாதிரி கைகட்டிக்கொண்டு தமிழில் கேட்டேன்.

"சார், இன்னைக்கு அங்க வெயிலா, மழையா சார்?"

"பனிடா மடையா. முட்டி வரைக்கும் பனி."

"பந்து வீசற பெரியவரு கடைசி வரைக்கும் நிப்பாரா சார்?"

"நிக்க மாட்டாரு. தோள் போயிடும். ரெண்டாவது பாதி பூரா புதுப்பையன்தான். எழுதி வச்சுக்க. ஓ, ஒனக்குத்தான் எழுத வராதுல்ல?"

"இவங்களுக்கும் இங்கிலீஷ்ல சொல்லுங்க சார். நாளைக்கு நான் மாத்திச் சொன்னேன்னு ஆயிடக் கூடாது."

அவன் எழுந்து நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, எட்டு பேருக்கும் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பனி. தோள். இரண்டாவது பாதியில் மாற்று ஆள். பெரியவர் தாங்குவார், முழு ஆட்டமும் ஆடுவார் என்று மட்டும் நான் சொன்னேன்.

கேசட் ஓடத் தொடங்கியது. பளீரென்ற வெயில். கேலரியில் ஜனங்கள் அரைக்கைச் சட்டையோடு கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "புரொபஸர், பனி எங்கே?" என்று ஒருவர் கேட்க ஹால் சிரித்தது. வெயில் ஏற ஏறச் சிரிப்பும் ஏறியது. சௌந்தர் பாதி ஆட்டத்துக்குப் பிறகு மாறும், பாருங்கள் என்றான், முகம் வெளுத்திருந்தது. பெரியவர் கடைசி வரைக்கும் ஆடினார், தோளில் ஒரு கீறல் இல்லை, ஜெயித்துவிட்டுத் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு வெளியே நடந்தார். ஹாலில் எல்லோரும் சௌந்தரை நோக்கிச் சோளப்பொரியை எறிந்தார்கள்.

நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். "சார், திஸ் கேம் நோ ஸ்னோ. நெக்ஸ்ட் கேம் ஸ்னோ. ஹி ரீட் பேப்பர். டிராயர். பின்."

சிரிப்பு நின்றது. டேல் எழுந்து ஆபீசுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் டிசம்பர்க் கட்டு இருந்தது, பின் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. சௌந்தருக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினார். அவன் ஏதோ ஆங்கிலத்தில் வேகவேகமாகப் பேசினான், குடும்பம், தவறு, இனிமேல் என்று. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சாவியை வைத்தான். "கலாஸ்" என்றார் டேல், முடிந்தது என்று அர்த்தம், இத்தனை வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே அரபிச் சொல் அது. சௌந்தர் என்னைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். நான் ஒதுங்கவில்லை. அவன் பக்கவாட்டில் நெளிந்து போனான். அந்த ஒரு நொடிக்காக நான் இரண்டு மாதம் பைப் அடித்திருந்தேன், அது போதுமானதாகவே இருந்தது, இன்றைக்கு நினைத்தாலும் வாய் இனிக்கிறது.

டேல் நாற்காலியை விரித்துப் போட்டார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, டிவியைப் பார்த்தபடியே, "ஷோல்டர்?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய தெருக்காரருக்குக் கடைசி சீசன், அது தோள் போய்ப் பனியில் முடிகிறது. ஐந்து வாரம் பேப்பரைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் அவர் காத்து வைத்திருந்ததை, சௌந்தர் திருடினான், நான் அவன் வாயில் கையை விட்டு எடுத்து ஹால் நடுவில் போட்டுவிட்டேன். புதன்கிழமையே அவர் காதில் தனியாகச் சொல்லியிருந்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு வருத்தம் உண்டு, டேலுக்காக. சௌந்தருக்காக ஒரு துளியும் கிடையாது.

மீதிக் கேசட்டுகள் அடுத்த வாரமே வந்தன. டேல் ஹாலுக்கு வரவில்லை. அவர் இல்லாமல் மற்றவர்களும் கேசட்டை ரூமுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நான் போனபோது ஹால் காலி. டிவி அணைந்து கிடந்தது. ஆனாலும் என் நாற்காலியை விரித்து, கண்ணாடிக் கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஏனென்றால் சௌந்தர் மெஸ்ஸுக்குப் போகும் வழி அதுதான். போகும்போது ஒரு தடவை பார்த்தான், வரும்போது ஒரு தடவை பார்த்தான். கறுப்பாக இருந்த டிவியைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பல வருடம் கழித்து அவன் எனக்குப் போன் செய்தான், மகன் வேலை விஷயமாக. "காசிம் பாய், பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க" என்றான். "வச்சிருக்கேன் சார்" என்றேன். மகனுக்கு வேலை கொடுத்தேன். நல்ல பையன், அப்பன் மாதிரி இல்லை. இப்போது லீவு கேட்டு என் அறை வாசலில் நிற்கிறவர்களில் அவனும் ஒருவன்.

அந்த கேம்ப் இப்போது இல்லை, ஹால் இருந்த இடத்தில் எண்ணெய் டாங்குகள் நிற்கின்றன. டேல் ஊருக்குப் போன மறு வருடம் தகவல் நின்றுபோனது. நான் இன்றைக்கும் நீலச் சட்டை டீமைப் பார்க்கிறேன், நேரடியாக, போனில். யாருக்கு முட்டி வலி, அவனுக்கு மாற்று யார், அங்கே பனி பெய்யுமா என்பதெல்லாம் ஆட்டம் தொடங்குமுன்னே அதிலேயே வந்துவிடுகிறது, என் கடைசி மகன்கூடச் சொல்வான். எட்டு பெரிய மனிதர்கள் வாரக்கணக்கில் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமலே இருக்கப் பாடுபட்டார்கள் என்றால் அவனுக்குச் சிரிப்பு வருகிறது. இன்றைக்கு எதையும் பின் அடித்து மூடி வைப்பவன் இல்லை, அதனால் நகத்தால் நெம்புகிறவனும் இல்லை. சௌந்தர் மாதிரி ஒருவன் வந்து அமர்ந்தாலும் அவன் திருட எதுவும் கிடையாது. அவனைப் பிடிக்க எனக்கும் வேலை கிடையாது. எல்லாம் இருக்கிற இந்த வயதில் எனக்கு இருக்கும் ஒரே குறை அதுதான்.